உடன் பயில்வோரும் ஆசிரியரே

கல்வி என்பது ஆசிரியர் கொடுக்க மாணாக்கர் கொள்ளும் ஒரு பொருள் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வருகிறோம். கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் பலர்; கொள்பவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை என்பது இவ்வெண்ணத்தின் உட்கிடை. ஆனால் பவணந்தி முனிவர், தாம் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலே, இந்தக் கணக்கை வேறு விதமாகப் போட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொன்னவற்றை ஒரு மாணாக்கன் முற்ற உள்ளத்தில் கொண்டாலும், அவன் பெறும் புலமை கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகிப் பயிலுதலால் வருவது இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கும், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும் என்கிறார் அவர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த இந்தக் கணக்கை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஒருவனுடைய கல்வியில் முக்கால் பங்கு, ஆசிரியர் இருக்கும் இடத்தில் அன்று, சக மாணாக்கர் கூடும் இடத்தில் விளைகிறது என்பதே இதன் பொருள். அதிலும் பெரும் பங்கு, கேட்பவனுக்கு அன்று, சொல்பவனுக்குக் கிடைக்கிறது. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில், மாணாக்கரே மாணாக்கருக்குப் பாடம் விளக்கும் ஏற்பாடு ஒரு திட்டமாகவே நடைபெற்று வருகிறது. அஃது எவ்வாறு நடக்கிறது, ஏன் பயன் தருகிறது, எங்கே தவறிப் போகிறது, மும்பை மாநகரில் வாழும் தமிழ் மக்களின் பிள்ளைகளுக்கு அதனால் ஆவது என்ன என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் நம்முடைய பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குச் செல்வோம். அங்கே உபாத்தியாயர் ஒருவரே. மாணாக்கரோ பல வயதினர். பல படியில் நிற்பவர். மணலில் விரலால் 'அ' எழுதக் கற்கும் சிறுவனும் இருப்பான். ஓலையில் எழுத்தாணி பிடித்து நிகண்டு எழுதும் பையனும் இருப்பான். ஒருவர் இத்தனை பேருக்கும் தனித்தனியே பாடம் சொல்லுதல் இயலாத காரியம். ஆகவே, பெரிய பிள்ளைகளில் ஒருவனைச் சட்டாம்பிள்ளை என்று அமர்த்தினார்கள். அவன் இளைய பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டினான். எண்சுவடியை முறை வைத்துச் சொல்ல, மற்றவர் ஒருங்கே திரும்பச் சொன்னார்கள். சட்டாம்பிள்ளைக்கு அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரத்தை அவன் தவறாகப் பயன்படுத்தியதும் உண்டு. சிறு பிள்ளைகள் தின்பண்டம் கொடுத்து அவனைச் சரிக்கட்டிய கதைகளைப் பழைய தலைமுறையினர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். என்றாலும், ஓராசிரியர் பள்ளியை நடத்திச் சென்ற அச்சாணி அவனே.

பள்ளிக்கூடத்துக்கு மேற்பட்ட உயர்ந்த கல்வியிலும் இம்முறை இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்ட உ. வே. சாமிநாதையர், திருவாவடுதுறை மடத்திலே தாமும் இளைய மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லி வந்தார். 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராய் அமர்ந்தபோது, வகுப்பின் முன் நிற்பது அவருக்குப் புதிதன்று. மாணாக்கராய் இருந்த நாட்களிலேயே ஆசிரியத் தொழிலின் பயிற்சியும் அவருக்குக் கிடைத்துவிட்டது.

இனி, இந்தத் திண்ணை முறை கடல் கடந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஆண்ட்ரூ பெல் என்பவர் 1787-இல் இந்தியாவுக்கு வந்தார். 1789-இல், சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் மேற்பார்வை அவரிடம் வந்தது. அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஊக்கமற்றவர்கள். ஒருநாள் அவர், உள்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு உதவியாசிரியரிடம் கூறினார். அவர்கள் அதற்கு இசையவில்லை. பெல் மனந்தளராமல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, எழுத்துக் கற்கும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று சொன்னதைச் சிறுவன் செய்து காட்டினான்.

பெல் 1796-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டிலேயே தம் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், லண்டன் நகரில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நடத்தத் தொடங்கினார். இருவருடைய ஆதரவாளர்களும் கட்சி கட்டிக்கொண்டு வாதாடினார்கள். அந்த வாதத்தினாலேயே முறை பரவிற்று. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இதைக் கைக்கொண்டன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றது. உலகக் கல்வி வரலாற்று நூல்களில் இதற்குச் 'சென்னை முறை' என்ற பெயரே நிலைத்தது. பெல் 1832-இல் இறந்தபோது, அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆயினும், அந்த நூற்றாண்டு முடிவதற்கு முன்பே சென்னை முறை செல்வாக்கிழந்துவிட்டது. காரணம் யாது? ஓர் ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று லங்காஸ்டர் பெருமை பேசினார். பணம் கொடுப்போரின் காதுக்கு அது இனிமையாக இருந்தது. ஆசிரியருக்குப் பதிலாக மலிவான ஓர் ஏற்பாடு கிடைத்துவிட்டது என்று அவர்கள் எண்ணினர். மாணாக்கத் தலைவர்களுக்குத் தக்க பயிற்சியில்லை. அவர்கள் அறிந்ததெல்லாம் மனப்பாடம். ஆகவே வகுப்பறை, ஒருவன் கூவ நூறு பேர் எதிரொலிக்கும் இடமாக முடிந்தது. திண்ணையிலே உபாத்தியாயரின் கண் ஒவ்வொரு பிள்ளையின் மேலும் இருந்தது; தொழிற்சாலை போன்ற அந்தக் கூடங்களில் அது இல்லாமற் போயிற்று. மாணாக்கன் ஆசிரியருக்குத் துணையாகலாம், ஆசிரியருக்கு மாற்றாகலாகாது. இந்தப் பாடத்தை உலகம் அந்தத் தோல்வியினால் கற்றுக்கொண்டது.

நூறாண்டுக்குப் பின், இம்முறை பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபிறப்பு எடுத்தது. 1973-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மிஸ்ஸூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகரப் பிரிவில், டியானா மார்ட்டின் என்னும் அம்மையார் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். அதுவரையில், 'பின்தங்கிய மாணாக்கர் யார்?' என்று தேடிப் பிடித்து அவர்களுக்குத் தனி வகுப்பு வைப்பது வழக்கம். அந்த வகுப்புக்குப் போவதே இழிவு என்று கருதிப் பலர் போவதில்லை. அம்மையார் கேள்வியை மாற்றினார். 'கடினமான மாணாக்கர் யார்?' என்று கேட்காமல், 'கடினமான பாடம் எது?' என்று கேட்டார். எந்தப் பாடத்தில் மிகுதியானோர் தோற்கிறார்களோ, அந்தப் பாடத்துக்குத் துணை வகுப்பு. அதற்கு யாரும் வரலாம். முதல் மதிப்பெண் பெறுபவனும் வரலாம். தோல்வியின் விளிம்பில் நிற்பவனும் வரலாம். வருவதால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அந்தப் பாடத்தை முன்னரே நன்கு முடித்த மாணாக்கர் ஒருவர் அதை நடத்துவார். அவர் தாமும் பேராசிரியரின் வகுப்பில் மறுபடி உட்கார்ந்து கேட்பார். இன்று பல நாடுகளில் இந்த வழி பின்பற்றப்படுகிறது.

அதே பத்தாண்டில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் இளைஞர், நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணாக்கர் பலர் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய முற்பட்டார். ஊக்கக் குறைவு, வறுமை, வீட்டுச் சூழல் என்று பிறர் சொன்ன காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. அவர்கள் தம் ஊர்ப் பள்ளிகளில் சிறந்து விளங்கியவர்களே; கடுமையாக உழைப்பவர்களே. ஆனால் தனியே உழைத்தார்கள். சீன இனத்து மாணாக்கரோ, தனியே படித்து முடித்தபின் ஒன்றுகூடி, ஒருவர் விடையை ஒருவர் சோதித்து, வாதாடிக் கற்றார்கள். டிரைஸ்மன், தனித்து உழைத்தவர்களையும் சிறு குழுக்களாக அமர்த்தி, எளிய கணக்குகளை அன்று, வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளையே கொடுத்தார். தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது. திறமை முன்பே இருந்தது, கூட்டாளிதான் இல்லாதிருந்தான்.

பள்ளிகளில் நடந்த இத்தகைய ஏற்பாடுகளைப் பற்றிய 65 ஆய்வுகளை ஒருங்கே நோக்கி, கோஹன், குலிக் முதலியோர் 1982-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். தேர்ச்சியை அளந்த 52 ஆய்வுகளுள் 45-இல், மாணாக்கரிடம் பாடங் கேட்டவர்கள் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தனர். அதோடு, பாடஞ் சொன்ன மாணாக்கரும் அந்தப் பாடத்தில் முன்னைவிடத் தேர்ந்திருந்தனர். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கை அவர்கள் வேறு அளவுகோலால் அளந்தார்கள் எனலாம்.

இனி மும்பைக்கு வருவோம். மத்திய ரயில் பாதையின் மேற்குப் புறத்திலே தாராவி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமை மக்கள் அங்கு வந்து குடியேறித் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தார்கள். மாதுங்கா லேபர் கேம்ப் என்று வழங்கும் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் திரளாக வாழ்கின்றன. அதே ரயில் பாதையின் கிழக்குப் புறத்தில், நடந்து போகும் தொலைவில், மாதுங்கா. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தன் பள்ளியைத் தொடங்கியது அங்கேதான். 1887-இல் தோன்றி, இன்று வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயருடன் விளங்கும் பொறியியல் கல்லூரியும், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கிய நிறுவனமும், ரூயா முதலிய கல்லூரிகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. இன்னும் கிழக்கே சென்றால் செம்பூர். அதையடுத்துத் தேவனாரில் டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம். தாராவியிலிருந்து கல்லூரி வாயிலுக்கு ஒரு நடைமேம்பாலமே குறுக்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தை ஏறிக் கடந்தபின்னும், கடக்க வேண்டியது இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறது.

மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, பின் ஆங்கில வகுப்புக்கு மாறி, நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரியில் சேரும் ஒரு மாணாக்கனை எண்ணிப் பார்ப்போம். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவனே முதல்வன். நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்த வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் விரைந்து பேசுகிறார். அயலில் இருப்போர் மராத்தியிலும் இந்தியிலும் குஜராத்தியிலும் உரையாடுகிறார்கள். அவனுக்கு ஓர் ஐயம் எழுகிறது. கையை உயர்த்த எண்ணுகிறான். வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துப் பார்க்கிறான். பிழையாக இருந்தால் சிரிப்பார்களே என்று கையை இறக்கிவிடுகிறான். வசதி படைத்த தோழன் மாலையில் தனிப்பயிற்சி வகுப்புக்குப் போய் ஐயத்தைத் தீர்த்துக்கொள்கிறான். இவனுக்கு அந்தக் கட்டணம் எட்டாது. வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. ஐயம் ஐயமாகவே நிற்க, அதன்மேல் அடுத்த பாடம் ஏறுகிறது.

பருவத் தேர்வு முடிந்து, பெயருக்கெதிரே 'ஏ.டி.கே.டி.' என்று வருகிறது. சில தாள்களில் தோற்றும் மேல் வகுப்பில் தொடர அனுமதிக்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள். இந்த நான்கு எழுத்துகளை அறியாத மும்பை மாணாக்கர் இல்லை. தோற்ற தாளையும் புதுத் தாளையும் ஒருங்கே எழுதும் சுமை பருவந்தோறும் கூடுகிறது. பலர் இதைத் தாண்டி விடுகிறார்கள். சிலர், 'எனக்குப் படிப்பு வராது' என்று முடிவு செய்து, கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இவ்வாறு ஒரு பட்டம் நழுவிப் போகும்போது, அறிவுக் குறைவால் நழுவிற்று என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், கேட்கப்படாத ஒரு கேள்வியால் அது நழுவியிருக்கலாம். உடன்மாணாக்கர் பயிற்சித் திட்டம் என்பது, அந்தக் கேள்வியை அச்சமின்றிக் கேட்க ஓர் இடம் அமைத்துக் கொடுப்பதேயாகும்.

அத்திட்டம் நடக்கும் முறையைக் கூறுவோம். துறைப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்கிறார். முந்திய ஆண்டுகளின் தேர்வு முடிவுகளை நோக்கி, மிகுதியானோர் தடுமாறும் இரண்டு மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார். பின், அந்தப் பாடங்களை நன்கு முடித்த மூத்த மாணாக்கரிலிருந்து பயிற்றுநரைத் தெரிந்தெடுக்கிறார். இங்கே முதல் மதிப்பெண்ணே அளவுகோல் என்று கொள்ளுதல் பிழை. ஒரு பாடம் பார்த்தவுடன் விளங்கிவிட்டவனுக்கு, அது பிறர்க்கு ஏன் விளங்கவில்லை என்பது விளங்காது. முதலில் இடறி விழுந்து, எழுந்து, வழி கண்டவனே, 'இந்த இடத்தில் கல் இருக்கிறது, பார்த்து வா' என்று சொல்ல வல்லவன். பல்லாண்டு கற்பித்த பேராசிரியருக்கு அந்தக் கல் கண்ணில் படாமலே போயிருக்கும். சென்ற ஆண்டு இடறியவனுக்கோ கால் வலி இன்னும் மறந்திருக்காது.

தேர்ந்த பயிற்றுநருக்குச் சில நாட்களேனும் பயிற்சி தரப்படுகிறது. அதில் முதலாவது விதி: சொல்வதற்கு முன் கேள். இரண்டாவது விதி: எழுதுகோல் கேட்பவன் கையிலேயே இருக்கட்டும். கணக்கைத் தானே போட்டுக் காட்டுவது பயிற்றுநருக்கு எளிது, கேட்பவனுக்கும் இன்பம். ஆனால் அன்று இருவரில் கற்றவர் ஒருவருமில்லை. மூன்றாவது விதி: கேள்வி கேட்டபின் பொறுத்திரு. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரி ஒரு விநாடியே விடைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினால் விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இரண்டு விநாடிப் பொறுமைக்கு இத்தனை விலை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். முதலாண்டு இயற்பியலில் ஒரு வினா: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? இளைய மாணாக்கன், 'பூச்சியம்' என்கிறான். 'தவறு, விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர், கீழ்நோக்கி' என்று சொல்லிவிட்டால், அவன் எழுதிக்கொள்வான். அடுத்த முறையும் தவறுவான். பயிற்சி பெற்ற மூத்தவர், 'உச்சியில் பந்தின் திசைவேகம் என்ன, தம்பி?' என்று கேட்கிறார். 'பூச்சியம், அண்ணா.' 'திசைவேகமும் பூச்சியம், அதை மாற்றும் முடுக்கமும் பூச்சியம் என்றால், அடுத்த விநாடியில் பந்து எங்கே இருக்கும்?' சற்று நேரம் மௌனம். தாராவிச் சந்தில் ஆயிரம் முறை பந்தை மேலே எறிந்து பிடித்தவன் அவன். 'அங்கேயே நின்றுவிடுமே!' என்கிறான். உடனே அவனுக்கே சிரிப்பு வருகிறது. இனி அந்தப் பாடத்தை அவன் மறப்பதற்கில்லை. கண்டுபிடித்தவன் அவன், மூத்தவர் செய்தது இரண்டு கேள்வி கேட்டதும், இடையிலே பொறுத்திருந்ததுமே.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடுக்கம் என்பதன் கருத்தைத் தமிழில் பேசித் தெளிந்து, பின்பு ஆங்கிலக் கலைச்சொல்லை அதன்மேல் பொருத்திக்கொள்ளும் வாய்ப்பு, பலமொழி வகுப்பில் பேராசிரியரால் தரக்கூடியதன்று. தன் மொழி பேசும் மூத்த மாணாக்கரால் தரக்கூடியது. மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் நடந்து வந்த நகரத்தில், மராத்தி, உருது, தெலுங்கு, கன்னடம் பயின்ற பிள்ளைகளுக்கும் இஃது ஒக்கும். ஆனால் தேர்வு எழுத வேண்டிய மொழியிலும் விடையைச் சொல்லிப் பார்த்தே அமர்வை முடிக்க வேண்டும். இன்றேல் தெளிவு வாயிலேயே நின்று தாளில் ஏறாது.

அமர்வுகள் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த இடத்தில் நடைபெறுதல் நலம். ஐந்தாறு பேருக்கு மேற்பட்டால், பேசாதவன் மறுபடியும் பின்னே ஒளிந்துகொள்வான். பயிற்றுநர்கள் பேராசிரியரை அடிக்கடி கண்டு, மாணாக்கர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைத் தெரிவிக்கிறார்கள். வகுப்பிலே வெளிவராத ஐயங்கள் இவ்வாறு பேராசிரியர் காதுக்கு எட்டுகின்றன. அவர் தம் அடுத்த விரிவுரையைத் திருத்திக்கொள்கிறார். ஆகவே ஆசிரியரும் இதில் ஒரு மாணாக்கராகிறார்.

செய்யலாகாதவையும் உண்டு. பயிற்றுநர் மதிப்பெண் இடுதல் கூடாது. இட்டால் சட்டாம்பிள்ளையின் பழைய அதிகாரம் திரும்பிவிடும். மதிப்பீட்டுக்குரிய பயிற்சித் தாளை அவர் எழுதித் தரலாகாது. தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டலாகாது. 'கேட்டு வந்து சொல்கிறேன்' என்னும் சொல், தவறான விளக்கத்தைவிட மேலானது. இளையவன் மனத்துன்பத்தில் இருப்பதாகக் கண்டால், தாமே மருத்துவராகாமல், கல்லூரியின் ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாதியையும் ஊரையும் பேச்சையும் குறித்து ஓர் ஏளனச் சொல் வந்தாலும், அந்த அமர்வு பயிற்சியாகாது. அது வகுப்பறையின் அச்சத்தை அடுத்த அறைக்கு மாற்றியது மட்டுமே ஆகும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு, 'மாணாக்கர் பார்த்துக்கொள்வர்' என்று ஒரு கல்லூரி எண்ணுமாயின், அது லங்காஸ்டரின் பழைய பிழையையே மறுபடி செய்வதாகும். பயிற்றுநரும் மாணாக்கரே. அவருக்கும் தேர்வு உண்டு. பலருக்கு வீட்டுப் பொறுப்பும் உண்டு. அவருடைய உழைப்பை வாரத்துக்குச் சில மணிகளாக வரையறுத்து, சிறு ஊதியமோ மதிப்பெண் தகுதியோ சான்றிதழோ தந்து போற்றுதல் முறையாகும். மகாராஷ்டிரத்திலே கர்மவீர் பாவுராவ் பாட்டீல் வளர்த்த 'உழைத்துப் படி' என்னும் மரபு பெயர் பெற்றது. கல்லூரிக்குள்ளேயே உழைத்துக் கட்டணம் தேடும் ஏழை மாணாக்கனுக்கு, பாடஞ் சொல்லுதலைவிடத் தக்க உழைப்பு வேறு எது?

இத்தகைய முயற்சிக்கு வித்துகள் நம்மிடையே இல்லாமல் இல்லை. பவாயில் 1958-இல் ஏற்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், முதலாண்டு மாணாக்கருக்கு மூத்த மாணாக்கரே வழிகாட்டிகளாய் அமையும் ஏற்பாடு நடைபெறுகிறது. 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரி மாணாக்கரைக் குடியிருப்புகளுக்கு அனுப்பி, கற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்தும் பழக்கத்தை வளர்த்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மாணாக்கர் மாணாக்கருக்குக் கற்பிப்பதை, இருவர்க்கும் நன்மை தரும் மகிழ்ச்சியான தொண்டு என்று பாராட்டுகிறது. வீட்டில் விளக்கும் இடமும் போதாத பிள்ளைகள் இரவில் கூடிப் படிக்கும் அறைகள் மும்பையில் பல உண்டு; மராத்தியில் அவற்றை 'அப்யாசிகா' என்பர். அங்கே பத்துப் பேர் பத்து மூலைகளில் வாய் திறவாது படித்துக்கொண்டிருப்பதை நாம் காணலாம். வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம், அவர்கள் நடுவில் ஒரு கரும்பலகையை வைத்து ஒருவருக்கொருவர் பாடஞ் சொல்லத் தொடங்கினால், அதற்கென்று புதிய கட்டடம் வேண்டியதில்லை.

நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே. உதவி பெறுபவர் என்றும் உதவி பெறுபவராகவே இருந்துவிடலாகாது. ஏழைப் பிள்ளைக்கு நாம் இரங்கிப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அத்துடன் நிறுத்திவிடுவோமாயின், பவணந்தியார் கணக்குப்படி அவனுக்குச் சேர வேண்டிய அரைப் பங்கை நாமே எடுத்துக்கொண்டவர்களாவோம். சொல்லிக் கொடுத்த நாம்தான் அன்றைக்குப் பெரிதும் கற்றவர்கள். ஆகையால், இவ்வாண்டு பந்தின் முடுக்கத்தைக் கேட்டுத் தெளிந்த தம்பி, அடுத்த ஆண்டு அதே மேசையில் மறுபுறம் அமர வேண்டும். இந்தச் சுற்று முறையே திட்டத்தின் உயிர்நாடி. ஏ.டி.கே.டி.யில் தடுமாறி எழுந்த ஒருவன் பயிற்றுநராக அமரும்போது, அவனைக் காணும் இளையவன் பாடத்தை மட்டும் கற்பதில்லை. 'நம்மைப் போன்றவர் இங்கே வெல்லலாம்' என்பதையும் கற்கிறான். அதை எந்த விரிவுரையாலும் கற்பிக்க இயலாது.

தாராவியிலிருந்து மாதுங்காவுக்குச் செல்லும் நடைமேம்பாலத்தில், நாள்தோறும் காலையில் மாணாக்கர் பலர் புத்தகப் பையோடு நடந்து செல்கிறார்கள். ஒரே கல்லூரிக்குச் செல்லும் மூத்தவரும் இளையவரும் ஒருவரையொருவர் அறியாமலே அதைக் கடப்பதுண்டு. கல்லூரிகள் திட்டம் வகுக்கட்டும், பேராசிரியர்கள் பொறுப்பேற்கட்டும், அதற்குக் காலம் ஆகலாம். அதுவரையில், அந்தப் பாலத்தின் மேலேயே, 'தம்பி, நேற்றைய பாடம் விளங்கிற்றா?' என்று மூத்தவர் ஒருவர் கேட்கத் தடையேதுமில்லை. கேட்டுவிட்டு, மூன்று விநாடி பொறுத்திருந்தால் போதும். இளையவன் சொல்லத் தொடங்குவான்.